பற்றரிக் கொட்டகையில் புகை

பெரியகல்லாறு
03.08.2025

அன்புள்ள ஹெக்டருக்கு,

இது இராசதுரை எழுதுவது. என் மனைவி சீதேவிப்பிள்ளை எழுதித் தரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். சீதேவிப்பிள்ளை எதிரில் இருந்து மீன் வெட்டுகிறாள். நான் ஒரு சொல் எழுதி முடிப்பதற்குள் தான் ஒரு மீனை முடித்துவிடுகிறாளாம். சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நீ என் தொலைபேசியை எடுப்பதில்லை. கடிதத்தை அப்படி விட முடியாது. தபால்காரர் பாசிக்குடா வரை கொண்டுவந்து உன் மகள் சர்மிலாவின் கையில் கொடுத்துவிடுவார். அவள் உன் முன்னால் வைப்பாள்.

நீ கோபமாக இருக்கிறாய். அதற்குக் காரணமும் இருக்கிறது. இனி இந்தத் தொழிற்சாலையில் பெற்றோல் ஓட்டோ செய்ய மாட்டோம், மின்சார ஓட்டோதான், எல்லோரும் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று முகாமையாளர் சொன்ன அன்று நாம் இருவரும் ஒன்றாக வெளியேறுவதாகப் பேசிக்கொண்டோம். நீ போனாய். நான் கேற்றடி வரை வந்து திரும்பிவிட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேற்றடியில் வைத்துத்தான் காதில் விழுந்தது, ஆபத்துப் பலகைகளை வாசிக்க வேண்டும் என்பதால் எழுத்துத் தெரியாதவர்களுக்கு முதலில் எழுத்துப் படிப்பிப்பார்கள் என்று. அதைக் கேட்ட பிறகு என் கால் எப்படி வெளியே வரும்?

யசோதினி ரீச்சர் பின்னேரத்தில் வந்து படிப்பிக்கிறார். இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் ஏறுகிறேன். சவர்க்காரத்தின் உறையை வாசிக்கிறேன். மதிலில் ஒட்டிய மரண அறிவித்தல்களை நின்று வாசித்து, தெரியாதவர்களுக்கெல்லாம் கவலைப்பட்டுவிட்டு வருகிறேன். உன் ஸ்பனர்கள் கிடக்கும் ஆயுதப் பெட்டியின் மூடியில் இருப்பது உன் பெயர் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போன கிழமை வாசித்தேன். "தொட்டால் கை முறியும்." நான் எத்தனை தரம் அதைத் தொட்டிருப்பேன், நீ ஒரு சொல் சொல்லவில்லையே மச்சான்.

பதில் எழுது. பெரிய எழுத்தில் எழுது.

இப்படிக்கு,
இராசதுரை


பாசிக்குடா
12.08.2025

இராசதுரை,

உன் கடிதம் வந்தது. மணலில் நண்டு ஓடின மாதிரி எழுத்து. என்றாலும் கடைசி வரை வாசித்தேன். முதன்முதலாகக் கடிதம் எழுதும் ஒருவனுக்குப் பதில் போடாமல் விடுவது பாவம் என்று சர்மிலா சொன்னாள். அதற்காகத்தான் இது. கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே.

ஒன்று கேட்கிறேன். வயது போன ஆட்களுக்கு எழுத்துப் படிப்பிக்க எந்தக் கம்பனி ரீச்சர் பிடிக்கும்? பலகை வாசிக்கவாம். பலகையில் ஒரு மண்டையோட்டைக் கீறிவிட்டால் போதாதா? நான் சொல்வதைக் கேள். எழுத்துத் தெரியாதவனிடம் விலகல் கடிதத்தில் கைநாட்டு வாங்கினால், பிறகு அவன் வழக்குப் பேசலாம், எனக்கு வாசித்துக் காட்டவில்லை என்று சொல்லலாம். வாசிக்கத் தெரிந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. உனக்கு அவர்கள் சொல்லித் தருவது அதற்குத்தான்.

மின்சார வண்டியில் என்ன இருக்கிறது? கியர் பெட்டி இல்லை, காபரேற்றர் இல்லை, சைலன்சர் இல்லை. நாம் எல்லோரும் சேர்ந்து செய்ததைப் பாதிப் பேர் செய்துவிடுவார்கள். மற்றப் பாதி எங்கே போகும்? பயிற்சியில் தவறியவர்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்போது நீ அந்தக் கடிதத்தை அழகாக வாசித்துவிட்டு வா.

நான் இங்கே ஒரு ஹோட்டலில் ஜெனரேற்றர் பார்க்கிறேன். டீசல் மணம் இருக்கிறது, போதும்.

என் ஆயுதப் பெட்டி பழைய ஆயுதக் கொட்டகையில் கிடக்கிறது. ஒருவரும் தொட வேண்டாம். நானே வந்து எடுப்பேன்.

ஹெக்டர்


பெரியகல்லாறு
31.08.2025

அன்புள்ள ஹெக்டருக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. நீ என்னைத் திட்டியிருக்கிறாய் என்பது எனக்குப் பாதியில்தான் விளங்கியது. விளங்கியதும் சந்தோஷப்பட்டேன். என்னை எழுத்தில் திட்டிய முதல் ஆள் நீதான்.

நீ சொன்னது மனதில் கிடந்து அரிக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். முகாமையாளர் அடிக்கடி வந்து கதவடியில் நின்று பார்க்கிறார். யாரைக் கழிக்கலாம் என்று பார்க்கிறாரோ என்று நாங்களும் அவரைப் பார்க்கிறோம்.

உன் பழைய ஆயுதக் கொட்டகை இப்போது பற்றரிக் கொட்டகை. பூட்டை மாற்றவில்லை. உன் பெட்டி பின் மூலையில் அப்படியே கிடக்கிறது.

எங்களுக்குப் படிப்பிக்க விதுர்ஷா என்று ஒரு பெண் பிள்ளை வந்திருக்கிறது. திருகோணமலைப் பிள்ளை, எஞ்சினியர். முதல் நாளே எங்கள் ஸ்குறூட்றைவர்களை வாங்கி வைத்துவிட்டது. பற்றரியில் உயிர் இருக்கிறதா என்று நாம் உரசிப் பொறி பார்ப்போமே, அதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பற்றரியில் அப்படி உரசினால் கையும் முகமும் போய்விடுமாம். உள்ளே சின்னச் சின்னக் கலங்களை அடுக்கிச் செப்புத் தகடால் இணைத்து, மேலே ஒரு பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைதான் மூளை என்று விதுர்ஷா சொன்னது. நாங்கள் பழகுவதற்காக ஒரு பற்றரிப் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்திருக்கிறது.

கொட்டகைக் கதவில் புதுப் பலகை மாட்டியபோது, எல்லோருக்கும் கேட்க என்னை வாசிக்கச் சொன்னார்கள். "உள்ளே தண்ணீர் கொண்டு செல்லக் கூடாது." ஒரே மூச்சில் வாசித்தேன். கை தட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் போய் வாசித்துவிட்டு வந்தேன்.

வண்டி ஓடும்போது சத்தமே இல்லை மச்சான். றோட்டில் படுத்திருந்த மாடு அது பக்கத்தில் வந்து நின்ற பிறகும் அசைபோட்டுக்கொண்டு கிடந்தது. நீ பார்க்க வேண்டும்.

இராசதுரை


பாசிக்குடா
14.09.2025

இராசதுரை,

கை தட்டினார்களா? நல்லது. சின்னப் பிள்ளைக்கும் அப்படித்தான் தட்டுவார்கள், மருந்தை வாயில் ஊற்றுவதற்கு முன்.

சத்தம் இல்லாத வண்டியைப் பழுது பார்ப்பது எப்படி? எனக்கு வண்டி சொல்ல வேண்டும். சொல்லாததை நான் நம்ப மாட்டேன்.

பெட்டியை எடுக்க வருவேன். நீ நிற்கும் நேரத்தில் வர மாட்டேன். கொட்டகைப் பூட்டின் திறப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதையும் காவலுக்கு நிற்கும் வாட்சரிடம் கொடுத்துவிட்டு வருவேன்.

ஹெக்டர்


பெரியகல்லாறு
01.10.2025

அன்புள்ள ஹெக்டருக்கு,

இன்று தொழிற்சாலையில் ஆயுத பூசை. மத்தியானத்தோடு வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன்.

முகாமையாளர் கொழும்பில். விதுர்ஷா பிள்ளை லீவில் ஊருக்குப் போய்விட்டது. நாங்களாகவே எல்லாம் செய்தோம். இயந்திரங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அவல் கடலை படைத்தோம். வெல்டிங் பகுதி நிதுர்ஷன் நீற்றுப் பூசணிக்காய் வெட்டினான். வயதில் மூத்தவன் நான் என்பதால் தீர்த்தம் தெளிப்பது வழக்கம்போல என் வேலை. கிணற்றடியில் மஞ்சள் கரைத்து, மாவிலைக் கொத்தால் தெளித்துக்கொண்டு போனேன். போன வருடம் வரை செம்பு பிடித்தவன் நீ. சிலுவைக்காரன் செம்பு பிடிக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, செம்புக்குச் சமயம் இல்லை என்று சொன்னாயே, அதை இன்றும் சொல்லிச் சிரித்தார்கள்.

வெல்டிங் இயந்திரம், பெயின்ற் பகுதி, கொம்பிறசர், பற்றரிக் கொட்டகை, ஒன்றையும் விடவில்லை. புதுச் சாமான்களுக்குக் கொஞ்சம் கூடவே தெளித்தேன். அவற்றுக்கு இன்னும் எங்களைப் பழக்கமில்லையே.

05.10.2025

மேலே உள்ளதைத் தபாலில் போடுவதற்குள் காரியம் மாறிவிட்டது.

பூசைக்கு அடுத்த நாளும் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை விதுர்ஷா பிள்ளைதான் முதலில் கொட்டகையைத் திறந்தது. உள்ளே புகை. மேசையில் திறந்து வைத்த பற்றரிப் பெட்டி புகைந்துகொண்டிருந்தது. பிள்ளை மணலை வாரிக் கொட்டிக்கொண்டு நின்று புகையைக் குடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து அடுத்த நாள் விட்டார்கள். இன்னும் இருமுகிறது.

யாரோ வேண்டுமென்று கை வைத்திருக்கிறார்கள் என்று முகாமையாளர் சொல்கிறார். பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். கம்பனியே செய்திருக்கும், இழுத்து மூடுவதற்குச் சாட்டுத் தேடுகிறது என்று எங்களில் சிலர் கதைக்கிறார்கள். வேலை நடக்கிறது, ஆனால் ஒருவரும் மற்றவருக்கு முதுகு காட்டி நிற்பதில்லை.

வாட்சர் பஹ்மி ஒன்று சொன்னான். பூசை அன்று பின்னேரம், எல்லோரும் போன பிறகு நீ வந்தாயாம். கொட்டகைக்குள் கனநேரம் நின்றாயாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன். பெட்டியை எடுக்க அவ்வளவு நேரம் எதற்கு?

இராசதுரை


பாசிக்குடா
10.10.2025

இராசதுரை,

நேற்று ஹோட்டலுக்குப் பொலிஸ் வந்தது. ஜீப்பில், வெள்ளைக்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். என்னைக் கூட்டிப்போய்க் கேட்டுவிட்டு விட்டார்கள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஹோட்டல்காரர் சொல்லிவிட்டார். சர்மிலா அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. என்னைப் பார்த்து, "பப்பா, கோவத்தில ஏதும் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். என் மகள், மச்சான்.

இப்போது நீயும் கேட்கிறாய். சரி, சொல்கிறேன். பெட்டியை எடுத்தேன். மூலையில் அந்தப் புது வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்தேன். ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்தேன். மேசையில் திறந்து கிடந்த சாமானை எட்டி நின்று பார்த்தேன், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. விளங்குமா என்று பார்த்தேன். கொஞ்சம் விளங்கியது. அதனால் நேரம் போனது. இதைப் பொலிசுக்குச் சொல்லவில்லை. விலகிப் போனவன் வந்து ஆசையாகப் பார்த்தான் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

எரிக்க நினைத்திருந்தால் பஹ்மியின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டா போயிருப்பேன்?

இன்னொன்று. நான் திறப்பைக் கொடுக்க மறந்து கொண்டுவந்துவிட்டேன். அது என்னிடம் இருப்பது பஹ்மிக்குத் தெரியாது. கொட்டகை திறந்து கிடந்தது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் பொலிஸ் வந்து முதலில் கேட்டது அந்தத் திறப்பைத்தான். திறப்பைப் பற்றி நான் எழுதியது ஒரே ஒருவனுக்கு. யார் சொன்னது இராசதுரை?

ஹெக்டர்


பெரியகல்லாறு
19.10.2025

ஹெக்டருக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை தொடங்கிவிட்டது. வாவி நிறைந்து வருகிறது. எல்லோரும் சுகம். வேலை கூட. பிறகு எழுதுகிறேன்.

இராசதுரை


பாசிக்குடா
24.10.2025

இராசதுரை,

றோட்டில் கிடந்த மாட்டைக்கூட விடாமல் எழுதியவன் நீ. நான் கேட்டதற்கு மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

பக்கத்தில் யாராவது நின்று எழுதவைத்தார்களா? அல்லது நீயாகவே எழுதினாயா? எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை என்னை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஞாயிற்றுப் பூசைக்குக் கோயிலில் நான் உட்காரும் நீள வாங்கில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். மற்றவர்கள் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

நான் கம்பனியைச் சந்தேகப்பட்டேன். முகாமையாளரைச் சந்தேகப்பட்டேன். அந்த ரீச்சரைக்கூடச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் அந்த வரிசையில் வைக்கவில்லை. இப்போது வைக்கிறேன்.

ஹெக்டர்


பெரியகல்லாறு
02.11.2025

அன்புள்ள ஹெக்டருக்கு,

இது நீளமான கடிதம். பல நாள் இருந்து எழுதினேன். சீதேவிப்பிள்ளை பக்கத்தில் இல்லை.

திறப்பைப் பற்றிச் சொன்னது நான். புகை வந்த அன்றே முகாமையாளர் எங்களை வரிசையாக நிறுத்தி, கொட்டகைத் திறப்பு வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ஹெக்டரிடம் என்று நான் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீதான் செய்திருப்பாய் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டுதான் "நான் ஒன்றும் சொல்லவில்லை" என்று உனக்கு எழுதினேன். அது பொய். நான் எழுத்தில் சொன்ன முதல் பொய்.

திறப்பைப் பற்றிக் கேட்டு நீ எழுதிய கடிதம் வந்த பிறகு, பொலிஸ் பார்த்து முடித்த பற்றரிப் பெட்டியை விதுர்ஷா எங்கள் முன்னால் கழற்றிக் காட்டியது. செப்புத் தகட்டில் மஞ்சள் புள்ளிகள். பச்சைப் பலகையில் மஞ்சள் காய்ந்து, அதன் ஓரம் கருகியிருந்தது. "இது என்ன மஞ்சள்? கலத்திலயிருந்து கசிஞ்ச இரசாயனமோ தெரியேல்ல" என்று அது தனக்குள் சொன்னது. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதை அதை வைத்துத்தான் அறிந்தேன்.

வெளியே வந்ததும் நிதுர்ஷன் என்னைத் தனியே கூட்டிப்போனான். "சும்மா இருங்க அண்ணன். அவர் போனவர்தானே, போனவர்ர பேரோட போகட்டும். நீங்க சொன்னா நம்மட எல்லார்ர பயிற்சியும் நிண்டிரும்." நான் சும்மா இருந்தேன். உனக்கு மழையைப் பற்றி எழுதினேன். பயிற்சி நின்றால் எழுத்து வகுப்பும் நின்றுவிடும் என்ற பயமும் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

உன் அடுத்த கடிதத்தைச் சீதேவிப்பிள்ளை வாசித்துவிட்டாள். எனக்கு முன்பே வாசித்து முடித்துவிட்டாள், அவள் எப்போதும் வேகம். கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்க தெளிச்சதுதானே?"

"அது தீர்த்தம்."

"தீர்த்தம் எண்டா நனைக்காதா?"



அடுத்த நாள் காலை முகாமையாளரின் அறைக்குப் போனேன். விதுர்ஷாவும் இருந்தது. மஞ்சள் நான் தெளித்தது என்று சொன்னேன். முகாமையாளர் நம்பவில்லை. கூட்டாளியைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள் என்றார். நீ அனுப்பித்தான் வந்தேனோ என்றும் கேட்டார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "அந்தப் பலகைய எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினது நீங்கதானே?" என்று கேட்டார்.

"ஓம். வாசிச்சன். அதில தண்ணி எண்டு கிடந்திச்சு. நான் கொண்டு போனது தீர்த்தம். ரெண்டும் ஒண்டெண்டு என்ட மனசில படேல்ல."

விதுர்ஷா கேட்டது, "அது எந்தத் தண்ணி ஐயா?"

"கிணத்துத் தண்ணிதான் பிள்ள. வாவிக்கரைக் கிணறு. உவர்."

அந்தப் பிள்ளை கண்ணை மூடித் திறந்தது. திட்டவில்லை, உப்புத் தண்ணீர் பட்டால் பலகையில் மின்சாரம் வழி மாறி ஓடிக் கருக்கிவிடும் என்று மட்டும் சொன்னது. அதே கிணற்றில் அள்ளி, அதே கடை மஞ்சளைக் கரைத்து, கழித்துப் போட்ட ஒரு பச்சைப் பலகையில் தெளித்து, கலத்தோடு இணைத்து வெளியே மணலில் வைத்தது. ஒரு இரவு விட்டுப் பார்த்தோம். காலையில் அதே மஞ்சள், அதே கருகல், அதே மணம். முகாமையாளர் குனிந்து மணந்து பார்த்தார். பிறகுதான் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினார்.

பயிற்சி நிற்கவில்லை. என்னை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொட்டகைப் பக்கம் போகக் கூடாது. வருட முடிவு வரை பெயின்ற் பகுதியில் துடைப்பு வேலை, அதன் பிறகு இல்லை. எழுத்து வகுப்பு பயிற்சிக்காரருக்கு மட்டும் என்பதால் அதுவும் இல்லை. நிதுர்ஷன் என்னோடு கதைப்பதில்லை. விதுர்ஷா இருமும்போதெல்லாம் துடைப்பதை நிறுத்திவிட்டு, இருமல் அடங்கும் வரை கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

சிங்கள எழுத்து அடுத்த மாதம் தொடங்க இருந்தது. பரவாயில்லை. தமிழ் போதும், இதை எழுத முடிந்ததே.

உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் இல்லை. வாங்கில் உன் பக்கத்தில் ஆட்கள் வந்து இருந்தார்களா என்பதை மட்டும் எழுது.

இராசதுரை


பாசிக்குடா
09.11.2025

இராசதுரை,

பொலிசில் இருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள், முறைப்பாடு வாபஸ் என்று. ஹோட்டல்காரர் வரச் சொல்லிவிட்டார். இன்று பூசையில் ஆட்கள் வந்து பக்கத்தில் இருந்தார்கள். தள்ளி இருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

உன் கடிதத்தைச் சர்மிலாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தீர்த்தம் எண்டா நனைக்காதா என்ற இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, "பப்பா, நான் உங்களக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். அதற்காக உனக்கு ஒரு நன்றி. ஒன்றுதான்.

தெளித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. நான் அங்கே நின்றிருந்தால் செம்பு பிடித்திருப்பேன், எனக்கும் தோன்றியிருக்காது. திறப்பைச் சொன்னது வேறு. அதன் பிறகு எழுதிய மழைக் கடிதம் அதைவிட வேறு. அதை இன்னும் கிழிக்கவில்லை, வைத்திருக்கிறேன். கோபம் குறைந்தால் எடுத்து வாசிக்கிறேன்.

கம்பனியில் இருந்தும் ஒரு கடிதம் வந்தது. பயிற்சிக்கு ஒரு இடம் காலியாம், விரும்பினால் வரலாமாம். அது உன் இடம். உன்னை வெளியே போட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிடுவதில் ஏதோ இருக்கிறது. என்ன என்று இன்னும் பிடிபடவில்லை. போனாலும் போவேன், போகாமலும் விடுவேன். அந்த வண்டியின் ஹாண்டில் என் கைக்குச் சரியாக இருந்தது என்பதை மட்டும் உனக்குச் சொல்கிறேன், வேறு ஆட்களுக்குச் சொல்லாதே. சொல்லாதே என்று உன்னிடம் சொல்வதில் பயன் இருக்கிறதா தெரியவில்லை.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் பெரியகல்லாற்றுக்கு வருகிறேன். அதற்குள் இன்னொரு கடிதம் போடாதே. எழுத்தில் நீ நல்லவனாகத் தெரிகிறாய். நேரே முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் நம்புவதா இல்லையா என்று சொல்வேன்.

ஹெக்டர்